செமஸ்டர் முடிவில் சிக்கலா? அறிகுறி வாரியாகக் காரணம் காணும் வழிமுறை

அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஒவ்வொரு பருவமும் முடிவு வெளியானவுடன் மாணவர்களும் பெற்றோரும் கொண்டுவரும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. முடிவைப் பார்த்த மறுகணமே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டப் பலரும் துடிக்கிறார்கள். ஆனால் அது கடைசிப் படிகளில் ஒன்று. அதற்கு முன் செலவே இல்லாமல் சரிபார்க்க வேண்டியவை பல உண்டு. எந்த விதியில் நாம் தடுக்கப்பட்டோம் என்பதைக் கண்டுபிடிக்காமல் கட்டும் பணம் பெரும்பாலும் வீணாகிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை, பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும் இணைப்புக் கல்லூரிகளின் பி.இ., பி.டெக். மாணவர்களுக்கானவை. எண்கள் முதன்மையாக 2021 ரெகுலேஷனை, அதாவது பல்கலைக்கழகம் வகுத்த படிப்பு, தேர்வு விதிகளின் தொகுப்பைச் சார்ந்தவை. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் தங்கள் கல்லூரியின் ரெகுலேஷனையே பார்க்க வேண்டும். அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் தேர்ச்சி விதிகளும் வேறாக இருக்கலாம். தொடங்குமுன் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பருவத்தின் ஹால் டிக்கெட், அகமதிப்பீட்டு (கல்லூரியே தரும் இன்டர்னல்) மதிப்பெண் விவரம், உங்கள் ஆண்டுக்கான ரெகுலேஷன் நகல்.

அறிகுறி 1: முடிவுப் பக்கம் திறக்கவில்லை, அல்லது விவரம் தவறு என்று வருகிறது

முடிவு வெளியான முதல் சில மணி நேரம் இணையதளம் திணறுவது வழக்கம். இரவிலோ மறுநாள் காலையிலோ முயன்றால் பெரும்பாலும் திறந்துவிடும். அப்படியும் திறக்கவில்லை என்றால் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். அதில் 12 இலக்கங்கள் இருக்க வேண்டும்: முதல் நான்கு கல்லூரியின் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று பாடப்பிரிவு, கடைசி மூன்று வரிசை எண். கல்லூரி தரும் ரோல் எண்ணை இட்டுவிட்டுப் பதறுபவர்கள் ஒவ்வொரு பருவமும் வருகிறார்கள்.

எண் சரியாக இருந்தும் பிறந்த தேதி ஏற்கப்படவில்லை என்றால், சேர்க்கையின்போது தேதி தவறாகப் பதிவாகியிருக்கலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலுடன் கல்லூரித் தேர்வுப் பிரிவை அணுகுங்கள். இதே தவறு பின்னால் பட்டச் சான்றிதழ் வரை தொடரும் என்பதால், முடிவை வேறு வழியில் தெரிந்துகொண்டாலும் திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி 2: ஒரு பாடத்துக்கு நேரே 'யூ' அல்லது 'ஆர்.ஏ.' வந்திருக்கிறது

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: மறுபடி எழுத வேண்டும். 2017 ரெகுலேஷனில் 'ஆர்.ஏ.', 2021 ரெகுலேஷனில் 'யூ'. முடிவுப் பக்கம் தரத்தை மட்டுமே காட்டும், மதிப்பெண்ணைக் காட்டாது. அதனால்தான் எங்கே தவறியது என்று மாணவருக்குத் தெரிவதில்லை.

எழுத்துத் தேர்வுப் பாடத்தில் தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. இரண்டும் ஒருசேர நிறைவேற வேண்டும். பருவத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும்; அகமதிப்பீட்டையும் பருவத் தேர்வையும் கூட்டினால் 50 விழுக்காடு வர வேண்டும். 2021 ரெகுலேஷனில் அகமதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60-க்குக் குறைக்கப்படுகிறது. 2017-இல் இது 20-க்கும் 80-க்குமாக இருந்தது.

*முதல் சோதனை: அகமதிப்பீடு எவ்வளவு?* செலவில்லாத சோதனை இதுதான், முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். மாணவர் கணக்கில் பாருங்கள், அல்லது துறையில் கேளுங்கள். தாளில் 45 என்பது 60-க்கு 27; அதனுடன் 23 சேர்ந்தால் 50. ஆகவே 40-க்கு 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களைத் தடுத்தது பருவத் தேர்வின் 45 விழுக்காடு மட்டுமே. அகமதிப்பீட்டில் 38 வைத்திருந்தாலும் தாளில் 44 எடுத்தவர் தேற மாட்டார். 23-க்குக் கீழே இருந்தால் கணக்கு மாறுகிறது. அகமதிப்பீடு 20 என்றால் தாளில் 50 வேண்டும். 16 என்றால் 57. 12 என்றால் 64. தாளில் 52 எடுத்தும் 'யூ' வாங்கிய மாணவரின் வீட்டில் பல்கலைக்கழகம் அநியாயம் செய்துவிட்டதாகவே பேச்சு எழுகிறது. உண்மையில், ஆறு மாதத்துக்கு முன் எழுதாமல் விட்ட உள்தேர்வும் ஒப்படைக்காத அசைன்மென்ட்டும்தான் அங்கே மதிப்பெண்ணைக் குறைத்திருக்கின்றன.

*இரண்டாம் சோதனை: அகமதிப்பீடு சரியாகப் பதிவேறியிருக்கிறதா?* பருவத்துக்கு இரண்டு மதிப்பீடுகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், சிறு புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. ஆசிரியர் இவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். உங்கள் உள்தேர்வுத் தாளில் உள்ள மதிப்பெண்ணும் போர்ட்டலில் உள்ளதும் வேறுபட்டால் உடனே துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தச் சோதனைக்கு உரிய காலம் பருவம் நடக்கும்போதே, பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த அகமதிப்பீட்டை முடிவு வந்தபின் மாற்றுவது மிகக் கடினம்.

*மூன்றாம் சோதனை: விடைத்தாள் நகல்.* மேற்சொன்ன இரண்டும் தெளிந்தபின், தாளில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருக்கிறது என்று நீங்கள் நம்பினால் மட்டும் நகலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். விதியில் முடிவு வெளியானதிலிருந்து இரண்டு வாரம் என்று இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் தரப்படும் கடைசி நாளையே நம்புங்கள். அதற்கு ஒரு நாளாவது முன்பே கட்டணம் செலுத்திவிடுங்கள்.

நகல் வந்ததும் பேனாவும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வினாத்தாளில் பகுதி 'அ' பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், மொத்தம் 20; பகுதி 'ஆ' ஐந்து 13 மதிப்பெண் வினாக்கள், மொத்தம் 65; பகுதி 'இ' ஒரே 15 மதிப்பெண் வினா. ஒவ்வொரு விடைக்கும் உள்ளே தரப்பட்ட மதிப்பெண்ணை வரிசையாக எழுதி, முகப்புப் பக்கக் கட்டத்தில் அதே எண் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து கூட்டலைச் சரிபாருங்கள். அதற்கும் அடுத்தபடியாக, எந்த மதிப்பெண்ணும் இடப்படாத பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு விடையைப் பாதியில் விட்டு, நான்கைந்து பக்கம் தள்ளி 'தொடர்ச்சி' என்று எழுதியவர்களின் தாளில், அந்தப் பிற்பகுதி பார்க்கப்படாமல் போவதுண்டு. 12(அ) எழுதிவிட்டு 12(ஆ) என்று எண் இட்டவர்களுக்கும் இழப்பு நேர்கிறது. வினா எண்ணை ஓரத்தில் தெளிவாக எழுதுவதும், விடையை ஒரே தொடர்ச்சியில் முடிப்பதும் அடுத்த தேர்வில் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

*நான்காம் படி: மறுமதிப்பீடு.* நகலைப் பாட ஆசிரியர் திருத்திப் பார்த்துப் பரிந்துரைத்த பின்னரே இதற்குப் போக முடியும். நகல் வாங்காமல் நேரே மறுமதிப்பீடு கேட்க வழியில்லை. ஒரு முறைக்கு ஐந்து பாடங்கள் வரை கேட்கலாம். செய்முறைத் தேர்வு, செமினார், புராஜெக்ட் ஆகியவற்றுக்கு மறுமதிப்பீடு கிடையாது. எப்போது போகலாம் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுகோல் இது: மதிப்பெண் இடப்படாத விடையோ கூட்டல் பிழையோ கண்ணுக்குத் தெரிந்தால் தயங்காமல் போங்கள், 43 வாங்கிய தாளுக்கு ஆசிரியர் 50 தருகிறார் என்றாலும் போங்கள். 31 வாங்கிய தாளுக்கு அவர் 36 தருகிறார் என்றால் அந்தப் பணத்தையும் காலத்தையும் அடுத்த தேர்வுக்குச் செலவிடுங்கள். பாட ஆசிரியர் மனம் நோகாதிருக்கக் கூட்டிச் சொல்லலாம். அதனால் "சார், தேறுமா?" என்று கேட்காமல், எந்த விடைக்கு எத்தனை, ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீட்டிலும் நிறைவில்லை என்றால் மறுஆய்வு உண்டு. மறுமதிப்பீடு கேட்டவர்களுக்கு மட்டுமே அது திறந்திருக்கும், கட்டணமும் கூடுதல்.

இந்தப் படிகள் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அரியர் தேர்வுக்கான பதிவு தொடங்கிவிடலாம். மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து பதிவைத் தவறவிட்டால் ஆறு மாதம் போய்விடும். கட்டணம் கட்டிப் பதிந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "உள்ளே ஆள் இருக்கிறது, மறுமதிப்பீட்டில் போட்டுத் தருகிறோம்" என்று அழைப்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2018-ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டு முறைகேடு தொடர்பாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. இத்தகைய இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்கும் மாணவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல, வாங்கும் பட்டத்தின் மீதே சந்தேகம் விழும்.

அறிகுறி 3: அதே பாடத்தில் மீண்டும் மீண்டும் 'யூ' வருகிறது

முதல் முறை பெற்ற அகமதிப்பீடு அப்படியே தொடர்ந்து வரும். அரியருக்குப் புதிதாக உள்தேர்வு இல்லை. ஆகவே 14 அகமதிப்பீட்டுடன் இருப்பவர் இரண்டாம் முயற்சியிலும் தாளில் 60 எடுத்தாக வேண்டும். ஆனால் மூன்றாம் முயற்சியிலிருந்து ஒரு சலுகை உண்டு: அகமதிப்பீட்டுடன் கூட்டித் தேறாதவர், பருவத் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு எடுத்தால் தேறியதாக அறிவிக்கப்படுவார். இதை அறியாமல் நம்பிக்கை இழந்து தேர்வுக்கே வராமல் போனவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உங்கள் இலக்கு 60 இல்லை, 50 என்று தெரிந்தால் படிக்கும் முறையே மாறும்: ஐந்து அலகுகளையும் அரைகுறையாகத் தொடுவதை விட்டு, மூன்றரை அலகுகளை உறுதியாகப் படித்து இரண்டு மதிப்பெண் வினாக்களை முழுவதுமாகத் தயார் செய்யலாம்.

பாடத்திட்டம் மாறிவிட்டதா என்பதையும் பாருங்கள். பழைய ரெகுலேஷன் மாணவர் கடையில் கிடைக்கும் புதிய ரெகுலேஷன் புத்தகத்தை வைத்துப் படித்து, வேறு அலகிலிருந்து வினா வந்ததாகச் சொல்வது உண்டு. ஹால் டிக்கெட்டில் உள்ள பாடக் குறியீட்டைக் கொண்டு பாடத்திட்டத்தை எடுங்கள். பாடத்தின் பெயரைக் கொண்டு எடுக்காதீர்கள்.

அறிகுறி 4: தேர்வு எழுதியும் 'வரவில்லை' என்று காட்டுகிறது

விடைத்தாளின் முகப்பில் பதிவு எண்ணோ பாடக் குறியீடோ தவறாக எழுதப்பட்டிருப்பது எளிய காரணம். தேர்வறை வருகைத் தாளில் கையெழுத்து விடுபட்டிருப்பது அடுத்தது. வேறு தேர்வு மையத்தில் எழுதிய அரியர் மாணவர்களுக்கு, இரு கல்லூரிகளுக்கும் இடையே தகவல் பொருந்தாமல் போயிருக்கலாம்.

தேர்வு நாள், நேரம், அறை எண், இருக்கை, ஹால் டிக்கெட் நகல் ஆகியவற்றுடன் அன்றைக்கே தேர்வுப் பிரிவுக்கு வாருங்கள். வருகைத் தாளில் உங்கள் கையெழுத்துக்கு அருகே விடைத்தாள் எண் இருக்கும். சான்றாக நிற்பது அதுதான். அதைக் குறிப்பிட்டு முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும். மாணவர் தனியாகப் பல்கலைக்கழகம் இருக்கும் கிண்டிக்குப் பேருந்து ஏறுவதால் இது விரைவுபடுவதில்லை. கல்லூரியின் கடிதம் இல்லாமல் யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள்.

அறிகுறி 5: 'எஸ்.ஏ.' என்று வந்திருக்கிறது

வருகைப்பதிவு குறைவு. 75 விழுக்காடு இருந்தால் தடையில்லை. 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு, என்.சி.சி. போன்றவற்றுக்கான சான்றுடன் கல்லூரி அனுமதிக்கலாம். 65-க்குக் கீழே என்றால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். எந்தச் சான்றும் அதை மாற்றாது.

உண்மையில் 70 விழுக்காடு வந்தும் 'எஸ்.ஏ.' என்றால், மருத்துவச் சான்று உரிய காலத்தில் சேரவில்லை, அல்லது பதிவேற்றத்தில் பிழை என்று பொருள். துறையின் வருகைப் பதிவேட்டுடன் போர்ட்டலை ஒப்பிடச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் பின்தேதியிட்டுக் கொண்டுவரப்படும் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. காய்ச்சலில் படுத்த வாரத்திலேயே துறைக்குத் தகவல் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

தேர்வுக் காலத்திலேயே உடல்நிலை சரியில்லை என்றால் 'வித்ட்ராயல்' என்ற வழி இருக்கிறது. படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை, உரிய சான்றுடன், பொதுவாகத் தேர்வு தொடங்கப் பத்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் அது முயற்சியாகக் கணக்கிடப்படாது. டிஸ்டிங்ஷன் (சிறப்பு முதல் வகுப்பு) வாய்ப்பும் பறிபோகாது. நன்றாகப் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் இந்த விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். படுக்கையிலிருந்து எழுந்து வந்து எழுதித் தவறியபின் கேட்டால் பயனில்லை.

அறிகுறி 6: முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது

'டபிள்யூ.எச்.' என்று தொடங்கும் குறியீடு வந்தால் அதன் விளக்கத்தை முடிவுப் பக்கத்தின் அடியிலேயே படியுங்கள். கல்லூரியிடமிருந்து விளக்கம் வர வேண்டியிருப்பது ஒரு வகை. தேர்வுப் பிரிவு கடிதம் அனுப்பினால் தீர்ந்துவிடும். முறைகேடு சந்தேகம் என்பது இன்னொரு வகை. அதற்கு விசாரணைக்கு அழைப்பு வரும். விசாரணைக்குப் போகாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. பெற்றோரிடம் மறைக்காமல், துறைத் தலைவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, அவர் வழிகாட்டலுடன் போங்கள்.

அறிகுறி 7: எழுதிய பாடம் முடிவுப் பட்டியலிலேயே இல்லை

ஹால் டிக்கெட்டில் அந்தப் பாடம் இருந்ததா? இல்லை என்றால் அந்த அரியருக்குப் பதிவே செய்யப்படவில்லை. அரியர் தானாக வராது. ஒவ்வொரு முறையும் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே பாடக் குறியீடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தால் இது தேர்வுக்கு முன்பே தீர்ந்திருக்கும். ஹால் டிக்கெட்டில் இருந்தும் முடிவில் இல்லை என்றால் அறிகுறி 4-இல் சொன்ன வழியிலேயே செல்லுங்கள்.

அறிகுறி 8: எல்லாப் பாடமும் தேறியும் பட்டம் வரவில்லை, அல்லது எதிர்பார்த்த வகுப்பு இல்லை

கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய மதிப்புப் புள்ளி) கூட்டலில் தொடங்குங்கள். கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடம் ஒன்று விடுபட்டிருப்பது அடிக்கடி காணும் காரணம், ஜி.பி.ஏ. என்ற பருவத் தரப்புள்ளிச் சராசரியில் அது தெரியாததால் மாணவர் கவனிப்பதில்லை. லேட்டரல் என்ட்ரியிலோ (நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை) கல்லூரி மாறியோ வந்தவர்களும், இடைநின்று புதிய ரெகுலேஷனில் மீண்டும் சேர்ந்தவர்களும், கூடுதலாக எழுதச் சொன்ன பாடங்களின் பட்டியலை எடுத்து ஒப்பிட வேண்டும். கல்லூரிக்கு நிலுவை, பெயரில் எழுத்து வேறுபாடு ஆகியவை அடுத்து வருகின்றன.

சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவங்களின் தரப்புள்ளிச் சராசரி) 8.5-க்கு மேல் இருந்தும் டிஸ்டிங்ஷன் இல்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு பாடம் முதல் முயற்சியில் தேறியிருக்காது. 'யூ' தரம் சி.ஜி.பி.ஏ. கணக்கில் சேராது என்பதால் சராசரி உயர்ந்தே இருக்கும். டிஸ்டிங்ஷனோ எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே தேறியவர்களுக்கு மட்டும். இது பிழையன்று; முறையிட்டு மாறுவதுமன்று.

அறிகுறி 9: காலக்கெடு முடியப்போகிறது, அல்லது முடிந்துவிட்டது

பி.இ., பி.டெக். படிப்பை 14 பருவங்களுக்குள், அதாவது ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களுக்கு 12 பருவங்கள். ஆறாம் ஆண்டில் இருப்பவர்கள் மீதிப் பாடங்களை எத்தனை தேர்வுகளில் எழுதலாம் என்று இன்றே கணக்கிடுங்கள். காலம் கடந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. 2021-இல் வந்த அறிவிப்பு இருபது ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களையும் கூடுதல் கட்டணத்துடன் எழுத அனுமதித்தது. ஆனால் அது எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. படித்த கல்லூரியின் தேர்வுப் பிரிவில் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

எப்போது வெளியாரிடம் போக வேண்டும்

கல்லூரி கடிதம் அனுப்ப மறுத்தாலோ, அனுப்பியும் நெடுநாள் பதில் இல்லை என்றாலோ, பதிவு அஞ்சலில் நேரடியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம்: திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்கறிஞரை அணுகுவது இதற்கும் பிறகுதான். சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். ஆனால் விடைக்கு இன்னும் இரண்டு மதிப்பெண் தரலாமே என்ற வாதத்தை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மதிப்பீடு கல்வியாளர்களின் வேலை என்பதே அவற்றின் நிலைப்பாடு. விதி மீறப்பட்டது, திருத்தப்படாத பக்கம் இருக்கிறது, விளக்கம் கேட்காமலேயே தண்டித்துவிட்டார்கள் என்பன போன்ற, ஆவணத்தால் காட்டக்கூடிய குறை இருந்தால் மட்டும் அந்தச் செலவுக்கு இறங்குங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது ரெகுலேஷன் நகல், விடைத்தாள் நகல், நீங்கள் எழுதிய கடிதங்கள், ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.